சொல்லாமல் போன அத்தாவும் மகளின் வயிற்றுவலியும்

இட்லித் தட்டைத் தள்ளிவிட்டு, "வயிறு வலிக்குதும்மா" என்று என் மகள் சொன்ன நாளிலிருந்து எங்கள் ஊர் புதுமடத்தில் எல்லோரும் டாக்டர் ஆகிவிட்டார்கள். பூச்சி என்றார் ஒருவர். கண்ணூறு என்றார் இன்னொருவர். ஓதிய தண்ணீரும் பூச்சி மருந்தும் மாறி மாறி உள்ளே போயின. ஐந்து வயதுப் பிள்ளை. பாவாடை இடுப்பில் நிற்கவில்லை.

ராமநாதபுரத்தில் முதலில் பார்த்த டாக்டர் அவள் முகத்தையே பார்க்கவில்லை. ஸ்கேனில் ஒன்றுமில்லை என்றதும், எண்டோஸ்கோபி (வாய்வழியே குழாய் விட்டு இரைப்பையைப் பார்ப்பது) எடுக்கலாம் என்றார். வயிற்றுக்கு மேலே ஒரு பிள்ளை இருப்பதே அவருக்குத் தெரியவில்லை. எழுந்து வந்துவிட்டேன்.

இரண்டாவது டாக்டர் ஒரு பெண். "வலி ஆரம்பிச்சப்ப வீட்டுல என்ன நடந்துச்சு?" என்று கேட்டார்.

அப்போதுதான் அவள் அத்தா, என் கணவர், துபாய்க்குத் திரும்பியிருந்தார். பயணம் கிளம்பும்போது எங்கள் வீட்டில் யாரும் அழக்கூடாது. அதற்கு ஒரு மகா தந்திரம்: பிள்ளையைப் பக்கத்து வீட்டுக்கு விளையாட அனுப்பிவிட்டுப் பெட்டியைக் காரில் ஏற்றுவது. வந்து கேட்டால், "அத்தா கடைக்குப் போயிருக்காக." அவள் வாசலிலேயே உட்கார்ந்திருந்தாள். "பாரு, அழுகவே இல்ல" என்று மாமியாருக்குப் பெருமை. ஆகா, என்ன சாமர்த்தியம்!

"இது ஃபங்ஷனல் பெயின்" என்றார் டாக்டர் (உறுப்பில் கோளாறு இல்லாமலே வரும் வலி). "நடிப்பில்ல, நெசமா வலிக்கும். மனசுல இருக்கறதுக்குப் பேர் சொல்லிக் குடுங்க."

சிரிக்கிற முகம், அழுகிற முகம் போட்ட அட்டைகள் வாங்கினேன். எல்லா முகத்துக்கும் "வயித்து வலி" என்றாள். அட்டையைத் தூக்கி எறிந்தேன்.

"அத்தா கடைக்குப் போகல. ஒங்கிட்ட சொல்லாம துபாய் போயிட்டாக. எனக்குக் கோவமா இருக்கு. ஒனக்கு?"

எறிந்த அட்டையைப் பொறுக்கிக்கொண்டே கேட்டாள்: "அப்படிச் சொல்லலாமாம்மா?"

அன்று வீடியோ காலில் சொன்னாள்: "அத்தா, ஒங்க மேல கோவம். ஏன் பொய் சொன்னீக?"

"யா அல்லாஹ்! பெத்த அத்தாட்ட இப்படியா பேசுறது?" என்று பதறினார் மாமியார். பிள்ளை சுருண்டு கிடந்தபோது வராத பதற்றம். அந்தப் பக்கம் அவள் அத்தா கண்ணைத் துடைத்துக்கொண்டு, "தப்புதான்மா" என்றார்.

வலி மறுநாளே ஓடிவிடவில்லை. அப்படிச் சொல்பவர்களை நம்பாதீர்கள். மெல்ல மெல்லத்தான் விட்டது.

அடுத்த விடுமுறை முடிந்து அவர் கிளம்பியபோது, கார் கதவைப் பிடித்துக்கொண்டு கதறினாள். "பயண நேரத்துல அழுகையா? வாய மூடச் சொல்லு" என்றார் மாமியார். நான் சொல்லவில்லை. கார் போனதும் மூக்கைச் சிந்திவிட்டு, "கவலையா இருக்கும்மா. பசிக்குது" என்றாள்.

மீன் குழம்பு ஊற்றிச் சோறு போட்டேன். அவள் சாப்பிடுவதைப் பார்த்துக்கொண்டிருந்தபோதுதான், என் வயிறு இறுகிக் கிடப்பது தெரிந்தது. கல்யாணம் ஆனதிலிருந்து அவர் போகும்போதெல்லாம் இப்படித்தான் இறுகுகிறது. இத்தனை வருடமாக அதற்கு கேஸ் மாத்திரை போட்டுக்கொண்டிருக்கிறேன்.