கோணல் தையல்

மலாக்காவின் காஜா பெராங்கில் கமலவேணியின் தையல் மிஷினை அவளைத் தவிர யாரும் தொட்டதில்லை. தாலி கட்டிய கருணாகரனுக்கும் அதே சட்டம்தான். பாபா சீனர் வீட்டுப் பெண்கள் கெபாயாச் சட்டை தைக்க அவளைத் தேடி வருவார்கள். தையல் இருக்கிற இடமே தெரியாதபடி அவ்வளவு பொடியாகத் தைப்பாள். தன்னைப்போல் தைக்க மலாக்காவில் ஆள் கிடையாது என்று அவளே சொல்லிக்கொள்வாள். சொன்னால் என்ன, உண்மைதானே.

ஜப்பான்காரன் வந்தபின் கெபாயாவுக்குத் துணி ஏது? கருணாகரன் ஓட்டிய லோரியையும் பட்டாளம் எடுத்துக்கொண்டது. அதற்குமேல் ஒரு இடியாக, சயாமில் ரயில் பாதை போட ஆள் பிடிக்கவும் ஆரம்பித்தது. வேலையில்லாத ஆண்பிள்ளை கண்ணில் பட்டால் ஏற்றிக்கொண்டு போய்விடுவார்கள். போன ஒருவரும் திரும்பி வரவில்லை. பட்டாளத்துக்கு வேலை செய்கிறவன் என்று கையில் பட்டை கட்டியவனை மட்டும் விட்டுவிட்டார்கள்.

பட்டாளக் கிடங்கில் ஜப்பான்காரர்களுக்கு மொழிபெயர்த்துக்கொண்டிருந்த மாணிக்கவாசகம் ஒரு வழி சொன்னார். சிப்பாய்களுக்குத் தோலில் இடுப்பு வார் தைக்க ஆள் வேண்டுமாம். ஒழுங்காகத் தைத்துக் கொடுக்கிற ஆளுக்குக் கைப்பட்டை உண்டு. கமலவேணி யோசிக்கவே இல்லை. தோலைக் கொடுத்தனுப்பச் சொல்லிவிட்டாள்.

வழக்கம்போலப் பொடித் தையல் போட்டு முதல் வாரை முடித்தாள். பார்க்க அழகாகத்தான் இருந்தது. கருணாகரன் இரண்டு கையாலும் இழுத்தான். தபால் தலையைக் கிழித்தது போல, தையல் ஓடிய வழியே பிய்ந்து வந்தது. அவன் முகம் செத்துப்போயிற்று. அவளுக்கோ கோபம்தான் வந்தது. வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். நூல் அறுந்திருக்கவில்லை, தோல்தான் கிழிந்திருந்தது. துணியில் ஊசி இழையை விலக்கிக்கொண்டு போகும். தோலில் ஒவ்வொரு குத்தும் ஓர் ஓட்டை. நெருக்கி நெருக்கிக் குத்தி அவளேதான் அதைக் கிழித்திருக்கிறாள்.

தையலின் அளவைக் கூட்டும் திருகைக் கடைசி வரை திருப்பினாள். நூலுக்கு மெழுகு தேய்த்தாள். காலால் மிதித்தால் ஊசி ஓடிவிடும் என்று மிதிப்பதை விட்டுவிட்டு, சக்கரத்தைக் கையால் ஒவ்வொரு குத்தாகச் சுற்றினாள். கெபாயாக்காரிகள் பார்த்தால் சிரிப்பார்கள், அவ்வளவு பெரிய தையல். ஆனால் கருணாகரன் அந்த வாரை விட்டத்தில் மாட்டித் தொங்கியும் அது அசையவில்லை.

மறுநாள் காலை மாணிக்கவாசகத்துடன் ஜப்பான் அதிகாரியே வீட்டுக்கு வந்துவிட்டான். வாரை இழுத்துப் பார்த்துத் தலையசைத்தான். பையிலிருந்து ஒரே ஒரு பட்டையை எடுத்து, தைத்தது யார் என்று கேட்டான். சயாமுக்கு அவர்கள் தேடியது கமலவேணியை அல்ல.

"எங்க வீட்டுக்காரருதான் தச்சாரு. நான் சக்கரம் சுத்திக் குடுப்பேன்" என்றாள், குரல் பிசகாமல்.

மாணிக்கவாசகம் அதை அப்படியே சொன்னார். அப்படியானால் என் எதிரில் தைக்கட்டும் என்றான் அதிகாரி.

கமலவேணி கருணாகரனைத் தன் நாற்காலியில் உட்காரவைத்து, தோலை மட்டும் பிடித்துக்கொள்ளுங்கள், மற்றதை நான் பார்த்துக்கொள்கிறேன் என்று தமிழில் சொல்லிவிட்டுச் சக்கரத்தில் கை வைத்தாள். அவன் கை நடுங்கும்போதெல்லாம் சுற்றுவதை நிறுத்தினாள். நடுக்கம் நின்றதும் ஊசியை இறக்கினாள். தையல் கோணல்மாணலாகத்தான் போயிற்று. அதிகாரி எடுத்து வெடுக்கென்று இழுத்தான். தாங்கியது. வாரை மிஷின்மேல் போட்டுவிட்டு, பட்டையைக் கருணாகரன் கையில் கட்டிவிட்டுப் போனான்.

அதன்பின், தோல் தைக்கிறவன் கருணாகரன், சக்கரம் சுற்றுகிறவள் அவன் பெண்டாட்டி என்று ஊரே பேசியது. கமலவேணிக்குச் சுருக்கென்றுதான் இருந்தது. சில நாளில் ஆள் பிடிக்கும் லோரி அவர்கள் தெருவுக்கே வந்தது. சிப்பாய் வாசலில் நின்ற கருணாகரனின் கையைப் பார்த்தான், தாண்டிப் போனான். கருணாகரன் உள்ளே வந்து தரையில் உட்கார்ந்து அழுதான்.

அவள் அந்தக் கோணல் வாரை எடுத்து அவன் மடியில் வைத்தாள்.

"நான் தச்சதுலயே இதுதாங்க அழகு" என்றாள்.