செவ்வாய் மூன்று மணி

நோயாளிகள் படுத்துப் பேசும் திவான் கட்டில் காலியாக இருக்க, அதன் தலைமாட்டுக்குப் பின்னால் எலீசா ப்ரோன்ஸ்டைன் உட்கார்ந்து, சிகரெட்டைப் பற்றவைக்காமல் விரல்களில் உருட்டிக்கொண்டிருந்தார். கதவைச் சாத்தவில்லை. செவ்வாய் மூன்று மணி, அவரிடம் வைத்தியத்துக்கு வந்துகொண்டிருந்த மிர்த்தாவின் நேரம். மிர்த்தா இப்போது வருவதில்லை. ஆனாலும் அந்த ஒரு மணி நேரம் தீரும்வரை அவர் எழுந்திருக்கமாட்டார்.

"வெறுங்கட்டிலுக்கு வைத்தியம் பாக்குறீங்களே டாக்டரம்மா, அது எப்பத் தேறும்?" என்பார் எங்கள் கட்டடத்துக் காவலாளி எவரிஸ்தோ, தபால் கொண்டுவரும் சாக்கில்.

"உன் வாய் மூடுற அன்னைக்கு."

முன்பெல்லாம் இதைச் சிரித்துக்கொண்டு சொல்வார்.

எலீசா, புவெனஸ் ஐரிஸில் உளப்பகுப்பு வைத்தியம் பார்க்கத் தொடங்கிய முதல் பெண்களில் ஒருவர். பெண்ணின் ஆசை நோயல்ல என்று எழுதிய அவருடைய முதல் புத்தகத்தைக் கடைக்காரர்கள் மருத்துவ நூல்களுக்குப் பின்னால் ஒளித்துவைத்து விற்றார்கள். இப்போது கால் வீங்குகிறது. பால் காப்பியில் ரொட்டியை நனைத்துவிட்டுத் தின்ன மறந்துவிடுகிறார். தன்னிடம் வருகிறவர்களை வெளியில் கண்டால் தெரியாதவர்போல் இருப்பார். இறைச்சிக் கடை வரிசையில் அவர்களில் யாராவது நின்றால், தொங்கும் குடல் சரத்தையே வெறித்துக்கொண்டிருப்பார்.

வராதவளும் பேசத்தான் செய்கிறாள் என்று அந்தப் புத்தகத்தில் ஒரு வரி உண்டு. அதனால் வராதவர்களை அவர் தொலைபேசியில் கூப்பிடுவதில்லை. மார்ச்சில் மிர்த்தா வராதபோதும் கூப்பிடவில்லை. தன்மேல் கோபம் என்று நினைத்தார். எண் பலகை இல்லாத கார் ஒன்று பேருந்து நிறுத்தத்தில் அவளை ஏற்றிக்கொண்டு போனது பிறகுதான் தெரிந்தது. ராணுவ ஆட்சி நடக்கும் இங்கே, அப்படிப் போனவர்களைப் பற்றி யாரும் சத்தமாகக் கேட்பதில்லை.

"நான் எழுதுனதை நானே நம்பித் தொலைச்சேன்" என்றார் ஒருநாள், எதிரிலுள்ள என் வீட்டில், மாத்தே தேநீர் குடித்த குவளையைத் திருப்பித் தரும்போது.

போன செவ்வாய் மூன்று மணிக்கு ஒரு பெண் படியேறி வந்தாள். மிர்த்தாவின் தாய், தல்மீரா. உள்ளே வர மறுத்து வாசலில் நின்றாள். எதிர்வீட்டில் இருந்த எனக்கு, திறந்த கதவு வழியாக எல்லாம் தெரிந்தது, கேட்டது.

"இங்கதான படுத்துக்கிட்டுப் பேசுவா? என்ன பேசுனா?"

"அதைச் சொல்லக்கூடாதும்மா."

"போலீஸ்காரனும் இதைத்தான் சொல்றான். பிணவறைக்காரனும் இதைத்தான் சொல்றான். நீங்களுமா?"

எலீசா வழிவிட்டு ஒதுங்கினார்; தல்மீரா வாசலைத் தாண்டவில்லை.

"கடைசியா சண்டை போட்டுட்டுத்தான் போனா. என்னைத் திட்டுனாளா? அதையாவது சொல்லுங்க."

திவானுக்குப் பின்னாலிருந்து ஒருநாளும் அசையாத நாற்காலியை எலீசா இழுத்துக்கொண்டு வந்தார். மரத்தரை கிறீச்சிட்டது. வாசலுக்கு நேரெதிரே போட்டு, அந்தப் பெண்ணின் முகத்தைப் பார்க்க உட்கார்ந்தார்.

"திட்டுனா. துணி தேய்க்கும்போது பாடுவீங்களாமே. சுதியே சேராதாம்." மூச்சு வாங்கினார். "ஆனா பாட்டு நின்னா அவளுக்கு முழிப்பு வந்துடுமாம்."

"சுதி சேராதாமா? கழுதை" என்றாள் தல்மீரா. பிறகு உள்ளே போய்த் திவானில் உட்கார்ந்தாள்.

மறுநாள் மழை. லிஃப்ட் ஓடவில்லை. எவரிஸ்தோ தரையில் விழுந்த கீறலைத் திட்டிக்கொண்டே மெழுகு தேய்த்தார். நாற்காலி பழைய இடத்துக்குப் போயிருந்தது. மத்தியானம் யாரோ புதியவர் தொலைபேசியில் செவ்வாய் மூன்று மணியைக் கேட்டார்.

"அந்த நேரத்துக்கு ஆள் இருக்கு" என்று சொல்லி எலீசா ரிசீவரை வைத்தார்.