சத்தம் போடாத சட்டை

விடுதிகளுக்குத் துணி வெளுத்துக் கொடுக்கும் அந்தச் சலவைக்கூடத்தில் அவளுக்குக் ‘கந்தல் மகாராணி’ என்று பெயர் வைத்தது யார் என்பதில் இன்றுவரை தகராறு உண்டு. மடிக்கும் மேசைக்காரர்கள் தாங்கள்தான் என்பார்கள். இஸ்திரி இயந்திரத்துக்காரர்கள் தாங்கள்தான் என்பார்கள். காரணத்தில் மட்டும் தகராறே இல்லை. நடுவில் நைந்த படுக்கை விரிப்பு, கறை போகாத துண்டு, ஓரம் கிழிந்த தலையணை உறை என்று கழித்துப் போட்டதெல்லாம் ஒரு மூலையில் குவியும். வேலை முடிந்ததும் மற்றவர்கள் பேருந்தைப் பிடிக்க ஓடுவார்கள். இவள் மேற்பார்வையாளரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு அந்த மூலைக்குப் போய் வேண்டியதை மூட்டை கட்டுவாள். நாளடைவில் கந்தல் உதிர்ந்து, வெறும் மகாராணி ஆகிவிட்டாள்.

மகாராணியின் அரண்மனை மூன்றாவது மாடியில் இருந்தது. இரண்டு அறை, ஒரு கூடம், ஒருவர் உள்ளே போனால் இன்னொருவர் வெளியே வரவேண்டிய சமையலறை. கணவன் ரொட்டிக் கம்பெனியில் வேன் ஓட்டுகிறவன். விடிவதற்கு முன்பே கிளம்பிவிடுவான். இரண்டு பெண்களும் பள்ளிக்கூடம் போகிறார்கள். காலை வேளையில் அந்த வீடு சந்தைக்கடைதான். காலுறையில் ஒன்று இருக்கும், இன்னொன்று இருக்காது. சீப்பைத் தேடப் போனவள் சாவியைத் தொலைத்துவிட்டு வருவாள்.

ஒருநாள் பேருந்தைத் தவறவிட்டு, சம்பளத்தில் பிடித்துக்கொண்ட பிறகுதான் அவளுக்கு ரோசம் வந்தது. கணவனின் பழைய கால்சட்டைகளிலிருந்து பைகளை மட்டும் வெட்டியெடுத்து, கனத்த விரிப்பு ஒன்றின் மேல் வரிசை வரிசையாகத் தைத்து, வாசல் கதவின் உள்பக்கம் தொங்கவிட்டாள். ஆளுக்கு ஒரு வரிசை. காலுறை, சீப்பு, சாவி, பேருந்துச் சில்லறை எல்லாம் முந்தின மாலையே அதற்குள் போய்விடும்.

“கதவுக்குப் பேன்ட் போட்டு விட்டிருக்காங்க!” என்று பெரியவள் விழுந்து விழுந்து சிரித்தாள். அதே பெரியவள் ஒரு வாரம் கழித்து, தன் பைக்குள் தங்கை கைவிட்டதற்கு வீட்டை இரண்டாக்கினாள்.

அதன்பிறகு மகாராணியின் கை சும்மா இருக்கவில்லை. கரைந்து மெலிந்த சோப்புத் துண்டுகள் ஒற்றைக் காலுறைக்குள் புகுந்து குழாயடியில் தொங்கின. குளியலறைத் தண்ணீர் போகும் வழி அடைத்துக்கொண்டால் சமையல் சோடாவும் வினிகரும் கலந்து பொங்கும். கறை போகாத பழைய துண்டுகள் தரை துடைக்கும் கட்டைக்கு உறையாகின. “உன் பக்கத்துல அசந்து தூங்கவே பயமா இருக்கு. வெட்டித் தலையணை தைச்சுடுவ போல” என்பான் கணவன்.

அப்படி ஓடிக்கொண்டிருந்த வீட்டுக்கு ஒரு மழைக்காலத்தில் மாமனார் வந்து சேர்ந்தார். ஓய்வு பெற்ற தபால்காரர். மனைவி போனபிறகும் இரண்டு தெரு தள்ளித் தனியாகவே இருந்தவர். பக்கவாதம் வந்து மருத்துவமனையில் கிடந்து எழுந்தபோது, கால் மெல்ல மெல்ல வழிக்கு வந்துவிட்டது. வலது கை மட்டும் சொன்ன பேச்சைக் கேட்கவில்லை.

தபால்காரர் உடுப்பில் கறாரான மனிதர். ஊரார் வாசலில் போய் நிற்கிறவன் கசங்கிய சட்டையோடு நிற்கக்கூடாது என்பது அவர் கட்சி. அப்படிப்பட்டவர் இப்போது பகல் முழுவதும் பனியனோடு அறைக்குள்ளேயே இருந்தார். தெருமுனையில் பேருந்து நிறுத்தத்துக்கு எதிரே, டீக்கடையை ஒட்டி ஒரு பெஞ்சு உண்டு. அவரோடு வேலை பார்த்தவர்கள் சாயங்காலம் அங்கேதான் கூடுவார்கள். கூப்பிட்டும் பார்த்தார்கள், அவர் போகவில்லை.

“சட்டை போட்டு விடட்டுமா மாமா? காத்தாட ஒரு நடை போயிட்டு வரலாம்ல?”

“வேணாம்மா. எனக்கு அங்க என்ன வேலை?”

ஒருநாள் அறையைக் கடந்து போகும்போது மகாராணி அதைப் பார்த்துவிட்டாள். கண்ணாடி முன்னால் நின்று, சட்டையின் ஒரு பக்கத்தை மோவாயால் அழுத்திப் பிடித்துக்கொண்டு, இடது கையால் பொத்தான் போட முயன்றுகொண்டிருந்தார். நெற்றியெல்லாம் வியர்வை. ஒன்று மாட்டியது, இன்னொன்றும் மாட்டியது. நிமிர்ந்து பார்த்தால் சட்டை ஏற்ற இறக்கமாகத் தொங்கியது, காஜா மாறிப்போயிருந்தது. சட்டையைக் கழற்றி, ஒற்றைக் கையாலேயே மடித்து, அலமாரியில் வைத்தார். அவள் காலடிச் சத்தம் கேட்காமல் பின்வாங்கிவிட்டாள்.

மறுநாள் அப்பாவும் பிள்ளையும் மருத்துவமனைக்குக் கைப்பயிற்சிக்குப் போயிருந்த நேரம் பார்த்து அவள் தையல் மிஷினைத் திறந்தாள். சின்னவளுக்குப் பத்தாமல் போன பள்ளிக்கூடக் காலணிகளிலும் கிழிந்த மழைக்கோட்டிலும் ஒட்டிப் பிரிக்கிற பட்டைகள் இருந்தன. அவற்றைப் பிரித்தெடுத்தாள். மாமனாரின் வெளிர் நீலச் சட்டை, இருப்பதிலேயே நல்ல சட்டை, அதை எடுத்தாள். காஜாக்களைத் தைத்து மூடி, பொத்தான்களைக் கழற்றி அவற்றின் மேலேயே வைத்துத் தைத்து, அடியில் மேலிருந்து கீழ்வரை நீளமாகப் பட்டை வைத்துவிட்டாள். வெளியிலிருந்து பார்த்தால் பொத்தான் போட்ட சட்டை. அவளுக்கே அவளைப் பார்த்துப் பெருமையாக இருந்தது.

அவர் வந்ததும் நீட்டினாள். வாங்கிப் பார்த்தார். இடது கையால் இழுத்தார். ‘சர்ர்ர்ர்’ என்று கூடம் முழுக்கக் கேட்டது.

“என்னம்மா இது?”

“இனிமே பட்டன் போட வேண்டாம் மாமா. வச்சு அமுத்தினாப் போதும்.”

“காஜாவெல்லாம் எங்க?”

“மூடித் தைச்சுட்டேன்.”

அவர் முகம் இறுகிப் போனது. “என் சட்டையை எடுத்தியே, என்னை ஒரு வார்த்தை கேட்டியா? இதுவும் மூலையில கழிச்சுப் போட்ட துணின்னு நெனச்சுட்டியா?”

அவர் சட்டையை நாற்காலி மேல் வைத்துவிட்டு உள்ளே போய்விட்டார்.

அதன்பிறகு வீட்டில் சாப்பாடு, மருந்து, தண்ணீர் என்பதற்கு மேல் பேச்சு இல்லை. “அப்பா கோவம் பால் பொங்கற மாதிரி, தானா அடங்கிடும்” என்றான் கணவன். அடங்கவில்லை. ஒருநாள் சலவைக்கூடத்து மடிக்கும் மேசையில் விரிப்பின் நான்கு முனைகளையும் சேர்த்துக்கொண்டிருந்தபோது அவளுக்குச் சுருக்கென்றது. கந்தல் மூட்டையை எடுக்கவே மேற்பார்வையாளர் முகம் பார்த்துக் கேட்கிறோம். ஒரு மனிதர் ஆசையாக வைத்திருந்த சட்டையைக் கேட்காமல் எடுத்திருக்கிறோம். நல்லதுதானே செய்தோம் என்று இதுவரை தனக்குத்தானே கட்டிய வாதமெல்லாம் அங்கேயே பொலபொலவென்று உதிர்ந்தது.

வீட்டுக்கு வந்து தையலைப் பிரித்தாள். போட்டதைவிடப் பிரிப்பதுதான் பெரும்பாடு. காஜாக்களை மறுபடி திறந்து, ஓரம் கட்டி, பொத்தான்களைப் பழைய இடத்திலேயே வைத்துத் தைத்து, இஸ்திரி போட்டு அவர் கட்டிலில் வைத்தாள்.

“பழையபடி மாத்திட்டேன் மாமா. கேக்காம தொட்டது தப்பு.”

“ம்” என்றார். அவ்வளவுதான்.

அவளுக்கு விடுமுறையான ஒரு நாள் காலை, கதவு தட்டும் சத்தம் கேட்டது. தபால் நிலையத்தில் கடிதங்களுக்கு முத்திரை குத்திக்கொண்டிருந்த சிநேகிதர் வந்திருந்தார். அவருக்குப் பெயரே முத்திரை என்று ஆகிப்போயிருந்தது. அறைக்குள்ளிருந்து மாமனார் ‘தூங்குவதாகச் சொல்’ என்று இடது கையால் சைகை காட்டினார்.

“தூங்கறாரு ஐயா” என்றாள் மகாராணி, தரையைப் பார்த்துக்கொண்டு.

“எழுப்ப வேண்டாம்மா. நான் மக வீட்டோட போயிடறேன், வெளியூரு. இனிமே இந்தப் பக்கம் வர்றது சந்தேகம்தான். நாளைக்குச் சாயங்காலம் பெஞ்சுல எல்லாரும் ஒரு டீ குடிக்கலாம்னு இருக்கோம். அவனுக்கு முடிஞ்சா வரச் சொல்லு.” படியிறங்கப் போனவர் திரும்பினார். “முடியாட்டியும் கோவிச்சுக்க மாட்டேன்னு சொல்லு.”

அவர் போனபிறகு மாமனார் வெகுநேரம் ஜன்னலோரம் நின்றார். அப்புறம் சமையலறை வாசலுக்கு வந்தார்.

“அந்த நீலச் சட்டை…”

“பழையபடிதான் மாமா இருக்கு.”

“அது தெரியும். திரும்ப அந்த மாதிரி பண்ண முடியுமா?”

அவள் கையைத் துடைத்துக்கொண்டாள். “முடியும். ஆனா இந்தத் தடவை நீங்க பக்கத்துலயே உக்காரணும். எங்க வைக்கணும்னு நீங்கதான் சொல்லணும்.”

உட்கார்ந்தார். சும்மா உட்காரவில்லை, இடது கையால் துணியை அழுத்திப் பிடித்துக்கொண்டு ஒவ்வொன்றாகச் சொன்னார். சொரசொரப்பான பக்கம் உடம்பில் உரசக்கூடாது. பொத்தான் வரிசை நூல் பிடித்தாற்போல் இருக்க வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாகச் சத்தம் வரக்கூடாது.

“பெஞ்சுல யாரு மாமா சட்டையைக் கழட்டப் போறாங்க?”

“தும்மினா?”

அவள் யோசித்தாள். அதுவும் நியாயம்தான். நீளப் பட்டையை விட்டுவிட்டு, ஒவ்வொரு பொத்தானுக்கும் அடியில் விரல்நகம் அளவுக்குச் சிறு துண்டாக வைத்தாள். பிரித்தால் ‘ட்க்’ என்று மெல்லத்தான் கேட்டது. அவர் போட்டுக்கொண்டு நின்றார், குனிந்தார், வரவழைத்துத் தும்மினார். எல்லாம் நின்றது. உட்கார்ந்தபோது மட்டும் வயிற்றருகே விட்டுக்கொண்டது.

“அது சட்டையோட தப்பு இல்ல மாமா.”

“வயித்தைத் தைக்க முடியாதுல்ல, துணியைத் தை” என்றார் அவர். ரொம்ப நாளைக்குப் பிறகு அவர் உதட்டோரம் கொஞ்சம் கோணியது. அந்த இடத்தில் மட்டும் துண்டைப் பெரிதாக்கினாள்.

மறுநாள் வேலை முடிந்து பேருந்திலிருந்து இறங்கியதும் எதிர்ப்பக்கம் பார்த்தாள். நரைத்த தலைகளுக்கு நடுவில் வெளிர் நீலம் தெரிந்தது. டீக் கோப்பையை இடது கையில் ஏந்தி ஏதோ சொல்லிக்கொண்டிருந்தார், மற்றவர்கள் சிரித்தார்கள். அவள் கையசைக்கவில்லை, குறுக்கே போகவில்லை. பையைத் தோளில் ஏற்றிக்கொண்டு நடையைக் கட்டினாள்.

அவர் வீட்டுக்கு வந்தபோது விளக்கு ஏற்றியாகிவிட்டது. நாற்காலியில் சாய்ந்தார்.

“குட்டு உடைஞ்சு போச்சும்மா.”

“என்ன ஆச்சு மாமா?”

“கெளம்பறப்ப முத்திரை என்னைக் கட்டிப் பிடிச்சான். அவன் பேனா என் சட்டையில மாட்டிக்கிச்சு. விலகினான் பாரு, மேலேர்ந்து கீழ வரைக்கும் டக்டக்டக்குனு எல்லாம் பிச்சுக்கிச்சு.”

அவள் தலையில் கைவைத்துக்கொண்டாள். “ஐயையோ! அப்புறம்?”

“அப்புறம் என்ன? நான் பாட்டுக்கு ஒவ்வொண்ணா அமுத்திக்கிட்டேன். முத்திரை என் கையையே பாத்துக்கிட்டு இருந்தான். அப்புறம் ரெண்டு பேரும் அழுதோம். சிரிச்சுக்கிட்டேதான் அழுதோம்.” மேல் பொத்தானை ஒருமுறை அழுத்திவிட்டுக்கொண்டார். “எந்தக் கடையில வாங்கினதுன்னு ஒருத்தன் கேட்டான். மருமக தைச்சதுன்னேன்.”

மகாராணி சமையலறைக்குள் போய், ஏற்கெனவே கழுவி வைத்திருந்த பாத்திரத்தை எடுத்து இன்னொரு தரம் கழுவினாள்.

அலமாரியிலிருந்த மற்ற சட்டைகள் தாமாகவே மிஷின் மேல் வந்து சேர்ந்தன. சட்டையோடு விட்டாரா என்றால் இல்லை. காலணிக் கயிற்றுக்குப் பதில் எலாஸ்டிக் கேட்டார். தட்டிலிருந்து சோறு நழுவாமல் இருக்க ஓரத்தில் வளையம் கேட்டார். பள்ளிக்கூடத்திலிருந்து சின்னவளைக் கூட்டிவருவது அவர் வேலை ஆனது. மகாராணி அடுத்த பேருந்தில் பதற்றமில்லாமல் வந்தாள். காய் நறுக்கவும் தானே முன்வந்தார். பழைய அலமாரிக் கதவில் ஒரு துண்டை அறுத்து, அடியிலிருந்து ஆணிகளை அடித்து, காயைக் குத்தி நிறுத்துகிற மாதிரி பலகை செய்து கொடுத்தாள். கேரட்டை அதில் குத்திவைத்து இடது கையால் நறுக்கியவர், கத்தியைக் கீழே வைத்தார்.

“ஆணி எல்லாம் சாஞ்சிருக்கும்மா. காய் ஆடுது.”

“ஞாயித்துக்கிழமை பிரிச்சு அடிச்சுடலாம் மாமா. கூட உக்காருங்க.”

“ஞாயித்துக்கிழமையா?” தபால்காரர் யோசித்தார். “அன்னிக்குப் பெஞ்சுல கூடறோம், எனக்கு எங்கம்மா நேரம்? வேற நாள் சொல்லு.”