வலது பக்கத்தில் ஒரு முகடு

கரும்பலகையின் மேல் மூலையில் எழுதக் கையைத் தூக்கினேன். அக்குளுக்குள் ஏதோ இழுத்தது. கையை இறக்கினால் ஒன்றுமில்லை. தூக்கினால் மறுபடி இழுத்தது. டீச்சர் கணக்கை மறந்துவிட்டார் என்று நினைத்து ஏழாம் வகுப்புப் பிள்ளைகள் வாயைப் பொத்திச் சிரித்தார்கள்.

தொண்ணூறுகளின் பிற்பகுதி அது. இலங்கை மலையகத்தில், தலவாக்கலைக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டப் பள்ளியில் கணிதம் படிப்பித்துக்கொண்டிருந்தேன். இழுத்தது இடது பக்கம். நான் இடது கையால் எழுதுகிறவள். ஊசிப் பரிசோதனை (கட்டிக்குள் மெல்லிய ஊசியைச் செலுத்தி உயிரணுக்களை உறிஞ்சிப் பார்ப்பது), மார்பை முழுதாக அகற்றும் அறுவை, கீமோ (புற்றணுக்களைக் கொல்லும் மருந்தை இரத்தத்தில் ஏற்றுவது), கதிர் சிகிச்சை எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக நடந்தன. முடி கொட்டியது, பிறகு சுருட்டையாக முளைத்தது. பள்ளிக்குத் திரும்பினேன். இடது பக்கத்தைப் பற்றி இதற்குமேல் சொல்லப் போவதில்லை. இந்த நோயைக் கண்ட உங்களில் பலருக்கு அது தெரிந்த கதைதான். நான் சொல்ல வந்தது வலது பக்கத்தைப் பற்றி.

அதற்கு முன் என் தம்பியைப் பற்றிச் சொல்ல வேண்டும். யோகநாதன், வீட்டில் யோகு. என்னைவிட எட்டு வயது இளையவன். எங்கள் லயத்துக்கு (தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடுகளுக்கு) முதல் டீவி வந்தபோது, மூங்கில் கம்பில் கட்டிய அன்டெனாவைத் திருப்புவது அவன் வேலை. படத்தைப் பார்த்துச் சொல்வது என் வேலை. கூரையோரம் நின்று, "அக்கா, வருதா?" என்று கத்துவான். "வரலடா, இன்னும் திருப்பு!" என்று நான் உள்ளேயிருந்து கத்துவேன். எங்கள் மலைகளுக்கு நடுவே படம் ஒருபோதும் ஒன்றாக வராது. செய்தி வாசிக்கிறவருக்குப் பக்கத்திலேயே இன்னொருவர் மங்கலாக உட்கார்ந்திருப்பார். அது எதிர் மலையில் பட்டுத் திரும்பிவரும் அலை என்று பிற்பாடு பல்கலைக்கழகத்தில் படித்துவிட்டு வந்து சொன்னான். அதையே பிடித்துக்கொண்டு போனவன், அங்கேயே அன்டெனா பொறியியல் விரிவுரையாளனும் ஆகிவிட்டான். லயத்திலிருந்து போன பையன். அம்மாவும் அப்பாவும் இருந்து பார்க்கவில்லை என்ற குறை எனக்கு இன்னும் உண்டு.

என் சிகிச்சை முடிந்த அடுத்த ஆண்டு, அவன் புதிதாக ஓர் ஆய்வு தொடங்கினான். கூடவே நிலூக்கா என்ற சிங்களப் பெண். புற்றுநோய் உயிரியல் படித்தவர். ஆய்வு எதைப் பற்றி என்று கேட்டால் என் தம்பி சுவரைப் பார்ப்பான், கூரையைப் பார்ப்பான். அக்காவிடம் மார்பு என்ற சொல்லை எப்படிச் சொல்வது? நிலூக்காதான் எனக்கு விளக்கினார். கட்டி தனக்கென்று புதிய இரத்தக் குழாய்களை இழுத்துக்கொள்கிறது. அதனால் அதில் நீர் அதிகம். சுற்றியுள்ள கொழுப்பில் நீர் குறைவு. மெல்லிய வானொலி அலையை உள்ளே அனுப்பினால், நீர் கூடிய இடத்தில் பட்டு ஒரு பங்கு திரும்பிவரும். திரும்பி வருவதைத் திரையில் கோடாக வரைந்தால், கட்டி இருக்கும் ஆழத்தில் ஒரு முகடு எழும்பும்.

"மலையில் பட்டு வருகிற படம் மாதிரி," என்றேன்.

"அதேதான் அக்கா," என்றான் யோகு. அப்போதுதான் என் முகத்தைப் பார்த்தான்.

மனிதர்மேல் வைத்துப் பார்க்க அவர்களுக்கு இன்னும் அனுமதி இல்லை. மனித உடலில் செய்யும் ஆய்வுகளுக்குச் சம்மதம் தருகிற குழு ஒன்று இருக்கிறதாம். அதன் முன் போகுமுன் செயற்கை மார்பில் செய்து காட்ட வேண்டும். கடல்பாசியை (அகர்-அகர்) காய்ச்சி, எண்ணெய் கலந்து, கிண்ணத்தில் உறையவைத்தால் அது கொழுப்பைப் போல நடந்துகொள்ளும். அவர்கள் காய்ச்சியதெல்லாம் உறைந்ததும் விரிசல் விட்டது. நோன்பு மாதங்களில் தலவாக்கலை முஸ்லிம் நானா கடை வீட்டு அம்மாவோடு சேர்ந்து கடல்பாசி காய்ச்சிப் பழகியவள் நான். சனி ஞாயிறுகளில் என் ஆசிரியர் குவாட்டர்ஸ் அடுப்பில் அந்த வேலை நடந்தது. நடுவில் கட்டிக்குப் பதிலாக, உப்புத் தண்ணீரில் ஊறவைத்த உருளைக்கிழங்குத் துண்டு. அதையும் நான்தான் உருட்டி வைத்தேன்.

"ஒனக்குக் கொஞ்சமாச்சும் மனசு கூசலயா?" என்று கேட்டார் என் வீட்டுக்காரர் சிவலிங்கம். தோட்டத்துத் தேயிலைத் தொழிற்சாலையில் வேலை. அதிகம் பேசமாட்டார்.

"என்னோடத வெட்டி வாளியில போட்டப்பவே கூச்சமெல்லாம் போயிருச்சு. தள்ளுங்க, பாசி உறையட்டும்," என்றேன்.

கிண்ணத்துக்குள் இருந்த கிழங்கை அவர்களுடைய அன்டெனா கண்டுபிடித்தது. யோகு தலவாக்கலை தபால் கந்தோருக்கு (தபால் நிலையத்துக்கு) தொலைபேசி எடுத்து, என்னை வரவழைத்துச் சொன்னான். அன்றைக்கு அவன் குரலில் இருந்த சந்தோஷத்தை நான் மறக்கவில்லை.

இரண்டு மூன்று வருடங்கள் போயின. ஒருநாள் குளிக்கும்போது வலது பக்கம், விலா எலும்பை ஒட்டி, உள்ளே சுருக்கென்றது. கிளினிக்கில் டொக்டர் நன்றாக அழுத்திப் பார்த்தார். "கைக்கு ஒண்ணும் தட்டுப்படல்ல. பழைய தையல் இழுக்கிறதா இருக்கும். ஆறு மாசம் கழிச்சு வாங்க," என்றார். தப்பாகப் பார்த்தார் என்று நான் சொல்லவில்லை. ஆழத்தில் இருப்பது விரலுக்குத் தெரியாது. மார்பைக் கதிர்ப்படம் எடுக்கும் இயந்திரம் அந்தக் காலத்தில் எங்கள் பக்கம் எங்கேயும் கிடையாது.

ஆனால் எனக்கு மனது ஆறவில்லை. ஒருமுறை வந்தவளுக்கு அந்தப் பயம் எப்படி இருக்கும் என்று உங்களுக்குத் தெரியும். நேரே பல்கலைக்கழகத்துக்கு, யோகுவிடம் போனேன்.

"உன் அன்டெனாவ எனக்கு வச்சுப் பாரு."

"அய்யோ அக்கா, அதெல்லாம் முடியாது. அனுமதி இல்லாம மனுசர் மேல வைக்கக் கூடாது."

"கெழங்குக்குப் பாக்குற, அக்காவுக்குப் பாக்கமாட்டியா?"

அவன் மறுத்தான். நிலூக்காவும் மறுத்தார். நான் அங்கேயே நாற்காலியைப் போட்டு உட்கார்ந்துவிட்டேன். என் பிடிவாதம் ஊரறிந்தது. கடைசியில் நிலூக்கா எழுந்துபோய் ஆய்வுகூடக் கதவைத் தாழிட்டார்.

குறுக்கே ஒரு படுக்கை விரிப்பைத் திரையாகக் கட்டினோம். தம்பி அந்தப் பக்கம், கணினித் திரையின் முன். நானும் நிலூக்காவும் இந்தப் பக்கம். காற்று இடையில் புகுந்தால் அலை தோலோடு திரும்பிவிடும் என்று எண்ணெய் பூசி, தீப்பெட்டி அளவிலான செப்புத் தகட்டை வைத்து அழுத்தினார். வலி இல்லை, சூடு இல்லை. கருவிகளுக்காக அந்த அறையை எப்போதும் குளிராக வைத்திருப்பார்கள். மேலே துணியில்லாமல் படுத்திருந்த எனக்கு எலும்பு வரைக்கும் குளிர்ந்தது.

"வருதாடா?" என்று கேட்டேன். பழைய பழக்கம்.

விரிப்புக்கு அப்பால் விசை தட்டும் சத்தம். பிறகு, "கேபிள்ல ஏதோ கோளாறு அக்கா. கொஞ்சம் பொறுங்க," என்றான். எதையோ கழற்றி மாட்டும் சத்தம் கேட்டது. "இன்னொரு தடவை." மறுபடியும் கழற்றினான், மாட்டினான். எனக்குப் பல் கிட்டித்தது. உடம்பு முழுக்க உதறியது.

"இப்ப சரி. ஒண்ணும் வரல அக்கா," என்றான். "சுத்தமா இருக்கு."

அப்பாடா என்று இருந்தது. துணியைப் போர்த்திக்கொண்டு, விரிப்பை விலக்கிப் போய் அவன் தலையைத் தடவிக்கொடுத்தேன். அவனுக்கு வியர்த்திருந்தது. அந்தக் குளிரில் வியர்க்கிறதே என்று எனக்கு அப்போது தோன்றவில்லை.

ஆறு மாதம் முடியுமுன்பே வலது அக்குளில் கட்டி வெளிப்பட்டது. முதுகு நோவு வந்தது. சாக்பீஸ் பெட்டியைக் குனிந்து எடுக்க முடியவில்லை. கொழும்புப் பக்கம் புற்றுநோய் ஆஸ்பத்திரியில் எலும்பு ஸ்கேன் (எலும்புகளில் நோய் பரவியிருக்கிறதா என்று பார்க்கும் படம்) எடுத்தார்கள். முதுகெலும்பில் மூன்று இடங்களில் இருந்தது. தொடங்கிய இடம் வலது மார்பின் அடியில், விலாவை ஒட்டி.

அந்த ஆஸ்பத்திரித் தாழ்வாரத்து வாங்குப் பலகையில், சிவலிங்கம் மருந்தெடுக்கப் போயிருந்த நேரத்தில், யோகு என் பக்கத்தில் உட்கார்ந்தான். தரையைப் பார்த்தபடியே சொன்னான்.

"அன்னைக்கு வந்துச்சு அக்கா."

"என்னது?"

"முகடு. அதே ஆழத்துல. மொதல் தடவையே வந்துச்சு. கேபிள் கோளாறுன்னு நெனச்சேன். மாத்தினேன், அப்பவும் வந்துச்சு. திரும்ப மாத்தினேன், வந்துச்சு. கடைசியில நீங்க குளிர்ல நடுங்கி அசைஞ்சதுல கோடு கலைஞ்சு போச்சு. அப்ப முகடு வரல. அதையே எடுத்துக்கிட்டேன்."

எனக்கு வந்த கோபத்தைச் சொல்லி முடியாது. ஓங்கி ஓர் அறை விட வேண்டும் என்று, அறுவை படாத வலது கையைத் தூக்கினேன். வலது அக்குள் இழுத்தது. கை பாதியிலேயே நின்றுவிட்டது. அவன் அதைப் பார்த்துவிட்டுக் குழந்தையைப் போல விம்மி அழத் தொடங்கினான். பக்கத்து வாங்கில் இருந்தவர்கள் யாரோ இறந்துவிட்டதாக நினைத்திருப்பார்கள்.

அப்போதே தெரிந்திருந்தால் பிழைத்திருப்பேனா என்று டொக்டரைக் கேட்டேன். "சொல்ல முடியாது அம்மா," என்றார். அந்த முகடு நிஜமா, கேபிள்தானா என்று நிலூக்காவைக் கேட்டேன். அவரும் அதையேதான் சொன்னார். ஒரே ஒருத்தியின் உடம்பில், அனுமதி இல்லாமல் எடுத்த அளவு. அது ஆய்வில் சேராது, எங்கேயும் எழுத முடியாது என்றார். கிழங்கைக் கண்டுபிடித்தது சேரும். என்னைக் கண்டுபிடித்தது சேராது. சொல்லும்போதே அவருக்கும் கண் கலங்கியது.

இதை வாசிக்கிற சகோதரிகளுக்கு ஒன்று சொல்கிறேன். கை ஒன்றுமில்லை என்று சொல்லலாம், கருவி ஒன்றுமில்லை என்று சொல்லலாம். உங்கள் உடம்பு சுருக்கென்றால் இன்னொரு கதவைத் தட்டுங்கள். நான் தட்டிய இரண்டாவது கதவுக்குப் பின்னால் இருந்தவனுக்கு என்மேல் பாசம் அதிகமாக இருந்தது. அப்படிப்பட்டவனிடம் போகாதீர்கள்.

அதன்பிறகு யோகு வருவதை நிறுத்திவிட்டான். நான் வேலையை விட்டேன். முதுகுக்குக் கதிர் வைத்தார்கள், மாத்திரையை மாற்றினார்கள். கடைசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்தான். தூறிக்கொண்டிருந்தது. ஆய்வை விட்டுவிட்டதாகவும், மலை மலையாக டெலிபோன் கோபுரம் நாட்டும் கம்பனி ஒன்றுக்கு வேலைக்குப் போகப்போவதாகவும் சொன்னான். அனுமதிக் குழுவின் முன் நிலூக்கா மட்டும் போகட்டுமாம்.

படுக்கையில் இருந்தபடியே ஏசினேன். வாயில் வந்ததெல்லாம் சொன்னேன்.

"எனக்குச் செஞ்சத இன்னொருத்திக்குச் செஞ்சுறாம இருக்கத்தானடா நீ அங்க இருக்கணும்? பாடம் படிச்சவன் நீ. புதுசா வர்றவன் ஆரம்பத்துல இருந்து படிக்கணுமா?"

"அந்தத் திரையப் பாக்கவே முடியல அக்கா. கை நடுங்குது."

"நடுங்கட்டும். வந்தா வந்துச்சுன்னு சொல்லு. வரலன்னா வரலன்னு சொல்லு. அதுதானடா வேலையே? சின்ன வயசுல நான் உனக்குச் சொல்லலையா?"

எழுந்து வெளியே போனான். போய்விட்டான் என்றுதான் நினைத்தேன்.

உடம்பு இப்போது எனக்குச் சொந்தமானதாகத் தோன்றுவதில்லை. ஒவ்வொரு நோவையும், நீ யார், எங்கிருந்து வந்தாய் என்று விசாரிக்க வேண்டியிருக்கிறது. நாட்காட்டியில் அடுத்த கிளினிக் தேதிக்கு அப்பால் தாள் இருப்பதாக நான் நினைப்பதில்லை. ஒரு பிற்பகல் முழுவதும் முதுகு நோகாமல் போனால் அதை ஒரு மாதம் என்று எண்ணிக்கொள்கிறேன். யோகு வந்த அந்த ஞாயிறு பிற்பகல் நோவோடுதான் இருந்தது.

கட்டிலுக்கு எதிரே டீவி ஓடிக்கொண்டிருந்தது. முந்தின நாள் காற்றில் அன்டெனா சாய்ந்து, படத்தில் எல்லோரும் இரண்டிரண்டு பேராக இருந்தார்கள். திடீரென்று படம் அசைந்தது, ஆனால் ஆட்கள் இன்னும் இரண்டிரண்டாகவே இருந்தார்கள். தகரக் கூரையோரம் கம்பு உரசும் சத்தம்.

"அக்கா, வருதா?"

மழை வலுத்திருந்தது. அவன் நனைவான். சளி பிடித்தால் லேசில் விடாத உடம்பு அவனுக்கு. வருது, உள்ளே வா என்று சொல்லிவிட நாக்கு நுனி வரைக்கும் வந்தது.

"வரலடா," என்று கத்தினேன். "இன்னும் திருப்பு."