ஹாலுக்கு இன்னொரு சொல்

எங்கள் தேங்காய்த்தும்புக் கம்பனியில் அரியவன்ச ஆங்கிலம் பேசினால் ஒருவருக்கும் விளங்காது. விளங்கவில்லை என்று ஒருவரும் சொல்லவும் மாட்டோம். குருநாகலில் கந்தோர் உத்தியோகம் பார்க்கிற எல்லோருக்கும் ஆங்கிலம் தெரியும் என்றுதான் ஊரில் பேச்சு. "அதுக்கு என்ன அர்த்தம்?" என்று கேட்டுவிட்டால் அந்த மரியாதை அன்றோடு போய்விடும். அதனால் தலையை ஆட்டுவோம். மேனேஜர் தென்னகோன் ஆட்டுவார், காசாளர் ஆட்டுவார், டைப்பிஸ்ட் பத்மசீலியாகிய நானும் ஆட்டுவேன்.

மனிதர் லேசுப்பட்டவர் இல்லை. நாயைக் 'கேனைன்' என்பார். நடந்து வந்ததைச் சொல்ல 'பெராம்புலேட்' என்பார். வாசலில் நெடுநெடுவென்று நிற்கும் காவல்காரனைப் பார்த்து 'ஸ்டாச்சுவெஸ்க்' என்று ஒருநாள் சொல்லிவைக்க, அது ஏதோ கெட்ட வார்த்தை என்று நினைத்து அவன் பல நாள் முகம் கொடுக்கவில்லை. காலையில் கல்கமுவ பஸ்ஸில் தலையணை தண்டிக்கு ஓர் அகராதியை மடியில் வைத்து மனப்பாடம் செய்துகொண்டே வருவார். லண்டன் வியாபாரிகளுக்கு அவர் எழுதும் கடிதங்களை நான்தான் டைப் அடிப்பேன். தென்னந்தும்பைப் பற்றிய கடிதம் வேதாகமம் மாதிரி இருக்கும். தென்னகோன் படிப்பதுபோல் கண்ணை ஓட்டிவிட்டுக் கையெழுத்துப் போடுவார்.

பெருமைக்குத்தான் இவ்வளவு பாடு என்று நானும் நினைத்திருந்தேன். என் அக்காவின் கல்யாணத்துக்கு மண்டபம் பார்த்துத் தரச் சொல்லி அவரிடம் கேட்ட அன்றுதான் உறைத்தது. எங்கள் சிங்களப் பேச்சில் எல்லோரும் சாதாரணமாக ஹால் என்றே சொல்கிற இடத்தில், மனிதர் 'எடிஃபிஸ், எடிஃபிஸ்' என்று தவித்தார். அதுவரை நான் அடித்த கடிதங்களை எல்லாம் அன்று மாலை மனதில் ஓட்டிப் பார்த்தேன். ஸ்மால் என்று ஒரு இடத்திலும் வந்ததில்லை, டிமினியூட்டிவ்தான். நெட்டைக்கு டால் கிடையாது, சுவருக்கு வால் கிடையாது, நாய்க்கு டாக் கிடையாது. அந்த ஓசை வரும் சொல் எதையும் அவர் தொட்டதே இல்லை. தவிர்க்க முடியாத பொடிச் சொற்களைப் பேசும்போது அவசரமாக விழுங்கிவிடுவார்.

எங்கள் ஆட்களுக்கு அந்த ஓர் ஓசை நாக்கில் ஏறாது. ஹால் என்று அகலத் திறக்க வேண்டிய வாய், ஹோல் என்று குவிந்துவிடும். முன்னது மண்டபம், பின்னது பொந்து. கொழும்புப் பெரிய பள்ளிக்கூடங்களில் படித்தவர்கள் ஆளை எடை போடுவதே இதை வைத்துத்தான். நாட், பாட் என்பதையும் அப்படியே குவித்துச் சொல்கிறவனுக்கு 'நொட்-பொட்' என்று ஒரு பட்டமும் வைத்திருக்கிறார்கள்.

மறுநாள் தேநீர் நேரத்தில் அவரிடமே கேட்டேன். முதலில் மழுப்பினார். பிறகு, பேராதனைப் பல்கலைக்கழகத்துக்குப் போன முதல் வாரமே சாப்பாட்டு ஹால் எங்கே என்று வாய்விட்டுக் கேட்டதாகச் சொன்னார். படிப்பு முடியும்வரை அவருக்கு 'ஹோல்' என்றே பெயர். பட்டமளிப்பு அன்றுகூட ஒருவன் அப்படிக் கூப்பிட்டானாம். ஆங்கிலத்துக்கு அங்கே பிள்ளைகள் 'கடுவ' என்று பெயர் வைத்திருந்தார்கள். கடுவ என்றால் வாள்.

"எல்லாரும் வெட்டுறதுக்கு வாள் வாங்குவினம், தங்கச்சி. நான் ஒளிஞ்சு நிக்கிறதுக்கு வாங்கினன்" என்றார்.

எனக்கு அழுகை வந்தது. ஆயிரக்கணக்கான சொற்களை ஒரு மனிதன் ஒரு சிரிப்புக்குப் பயந்து படித்திருக்கிறான்.

அந்த வருஷம் கம்பனியின் பாதிப் பங்கை இங்கிலாந்துக்காரர்கள் வாங்கினார்கள். ஏற்றுமதிப் பகுதிக்குத் தலைவர் பதவி ஒன்று உண்டாயிற்று. அதைக் கொடுப்பதற்குப் புதுப் பங்காளி நேரில் வருவதாகவும், வரவேற்புரையை நன்றாகச் செய்கிறவருக்கு வாய்ப்பு அதிகம் என்றும் பேச்சு. அரியவன்சவை விட்டால் உரை எழுத வேறு ஆள் ஏது? அவருக்கும் அந்த நாற்காலி மேல் கொள்ளை ஆசை. ஒரே சங்கடம், வருகிறவரின் பெயர் மிஸ்டர் ஹால்.

நாய்க்கு இன்னொரு சொல் உண்டு, மண்டபத்துக்கும் உண்டு. மனிதன் பெயருக்கு எந்த அகராதியில் போய்த் தேடுவது? அரியவன்ச தேடினார். 'எமினன்ட் விசிட்டர்' என்று எழுதினார், 'இலஸ்ட்ரியஸ் கெஸ்ட்' என்று எழுதினார், பெயர் மட்டும் வராமல் உரை முழுவதையும் கொண்டுபோய்விட்டார். அதை அடித்துக் கொடுத்தபோது இந்த மனிதர் தப்பித்துவிட்டார் என்றே நினைத்தேன். தென்னகோன் வாங்கிப் பார்த்தார். சொல்வளம் அவருக்கு அவ்வளவு கிடையாது, ஆனால் கொழும்புப் பள்ளிக்கூடக் காது. பேனாவை எடுத்து முதல் வரியில் பெயரை எழுதினார்.

"பேர் சொல்லாம ஒரு வரவேற்பா, ஐசே? மரியாதை இல்லையே" என்று சிரித்தார். தெரிந்தே செய்தார் என்று நான் எங்கே வேண்டுமானாலும் சத்தியம் பண்ணுவேன்.

வரவேற்பு நாள் காலையில் குத்துவிளக்கு ஏற்றி, வெற்றிலை கொடுத்து, பாற்சோறு பரிமாறிய பிறகு அரியவன்ச எழுந்தார். வாயை எவ்வளவு அகலத் திறக்க முடியுமோ அவ்வளவு திறந்து, "மிஸ்டர் ஹோல்" என்றார்.

முதல் வரிசையில் தென்னகோன் கைக்குட்டையை வாயில் வைத்துக்கொண்டார். அதைப் பார்த்து அவர் பக்கத்தில் இருந்தவர்கள் சிரித்தார்கள். அதைப் பார்த்துப் பின்வரிசையும் சிரித்தது. பின்வரிசையில் இருந்த அத்தனை பேரும் தங்கள் வீட்டில் ஹோல் என்றுதான் சொல்வார்கள். காசாளரின் சிரிப்பு வாசல்வரை கேட்டது. அரியவன்ச மீதி உரையைத் தலை நிமிராமல் படித்து முடித்தார். ஒரு பெரிய சொல்லும் அவரைக் காப்பாற்றவில்லை.

வெள்ளைக்காரருக்கு இவர்கள் ஏன் சிரிக்கிறார்கள் என்றே தெரியவில்லை. எழுந்து, இப்படி ஓர் ஆங்கிலத்தைத் தன் தாத்தா காலத்துக்குப் பிறகு கேட்டதில்லை என்றார். பாதி தனக்கே விளங்கவில்லை என்று பளிச்சென்று சொன்னார். எங்கள் யாருக்கும் வராத துணிச்சல் அது. பிறகு, "தேங்க் யூ, மிஸ்டர் அரிவான்சர்" என்றார்.

அரிவான்சர். மேன்மையான குலம் என்று பொருள்படத் தாய் தகப்பன் பார்த்துப் பார்த்து வைத்த பெயர் அது. அந்த மனிதர் அதை ஏதோ சலவைத்தூள் பெயர் மாதிரி ஆக்கினார். ஒரு ஆள் சிரிக்கவில்லை. தென்னகோனை 'மிஸ்டர் டென்னிகூன்' என்றார். தென்னகோன் எழுந்து நின்று கைதட்டினார்.

பதவி அரியவன்சவுக்கே கிடைத்தது. தனி அறை, மேசைமேல் தொலைபேசி. அடுத்த வாரமே தென்னகோன் அவரை அரிவான்சர் என்று கூப்பிடத் தொடங்கினார். கேலிக்கு இல்லை, மரியாதைக்குத்தான். வெள்ளைக்காரர் சொன்னவிதம் சரியாகத்தான் இருக்கும் என்ற எண்ணம். காசாளரும் கூப்பிட்டார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. நான் மட்டும் அரியவன்ச அண்ணே என்றே கூப்பிட்டேன், சத்தமாகவே கூப்பிட்டேன்.

ஒருநாள் கடிதங்களோடு அவர் அறைக்குப் போனேன். தொலைபேசி அடித்தது. எடுத்தார். குரலைக் கொஞ்சம் மூக்குக்கு ஏற்றி, "அரிவான்சர் ஸ்பீக்கிங்" என்றார்.

பேசி முடித்து அவர் வைக்கும்வரை நின்றேன். "அண்ணே, அது உங்கட பேரே இல்லையே" என்றேன்.

அவர் கடிதங்களை வாங்கி ஒவ்வொன்றாக அடுக்கினார்.

"இப்பிடிச் சொன்னா ஒருத்தரும் சிரிக்கிறதில்ல, தங்கச்சி" என்றார்.