மூன்று மாதம் கூடுதலாக

அர்மெல் கெர்வெல்லாவுக்கு வாய் கொஞ்சம் நீளம் என்று பிரான்சின் கடலோர ஊரான துவார்னனேயில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். அவள் வராத நாளில் ஊரில் பாதிக் கிழங்கள் குளிக்காமல் உட்கார்ந்திருக்கும் என்பதையும் சேர்த்தே சொல்வார்கள்.

பதினெட்டு வயதில் மத்தி மீனை டப்பாவில் அடைக்கும் ஆலைக்குள் நுழைந்தவள். ஆலை ஆட்களைக் குறைத்தபோது வெளியே வந்து, முதியவர்களை அரசாங்கச் செலவில் அவரவர் வீட்டிலேயே பார்த்துக்கொள்ளும் வேலையில் சேர்ந்தாள். எழுப்ப வேண்டும், குளிப்பாட்ட வேண்டும், காலுறை மாட்டிவிட வேண்டும், சூப்பைச் சுடவைக்க வேண்டும், சூப்பில் உப்பில்லை என்று திட்டும் வாங்க வேண்டும். இப்படியே அறுபத்தொரு வயதாகிவிட்டது. வலது தோள்பட்டை தனியே கழன்று வந்துவிடும் போல வலித்தது. வரும் செப்டம்பரில் அறுபத்திரண்டு, அக்டோபர் முதல் தேதி ஓய்வு. அதன் பிறகு ஒரு வருடத்துக்கு எவர் முதுகையும் ஏறெடுத்துப் பார்ப்பதில்லை என்று சபதமே போட்டிருந்தாள்.

அவள் தேய்த்த முதுகுகளிலேயே மூத்தது ஃபாஞ்ச் லாகாதெக்குடையது. தொண்ணூற்றைந்து வயது, ரயில் ஓட்டியவர். அவர் காலத்தில் ரயில் ஓட்டியவர்களுக்கு ஐம்பதிலேயே ஓய்வு. ஆக, மனிதர் உழைத்த வருடங்களைவிட ஓய்வூதியம் வாங்கிய வருடங்கள்தான் அதிகம். அர்மெல் இதைச் சொல்லிச் சொல்லியே அவருக்குச் சோப்புப் போடுவாள்.

“உங்களுக்கு மாத்திரை குடுத்து, வழுக்கி விழாம பிடிச்சு, இத்தனை வருஷம் உசிரோட வச்சேன் பாருங்க, அது என் தப்பு மிஸ்யே லாகாதெக். நீங்கல்லாம் காலாகாலத்துல போய்ச் சேர்ந்திருந்தா கஜானாவுல காசு மிஞ்சியிருக்கும். என்னையும் நிம்மதியா விட்டிருப்பாங்க.”

“அப்போ நாளைக்கு மாத்திரையை மறந்துட்டு வாம்மா. யாரு வேண்டாங்கிறா?”

அந்தக் குளிர்காலத்தில்தான் அரசாங்கம் குண்டைப் போட்டது. மக்கள் நீண்ட நாள் வாழ்கிறார்களாம், உழைக்கிறவர்கள் குறைந்துபோனார்களாம். முன்பு நாலு பேர் கட்டும் பணத்தில் ஒருவர் ஓய்வூதியம் வாங்கினார், இப்போது அந்த ஒருவரைச் சுமக்க முழுசாக இரண்டு பேர்கூட இல்லையாம். கணக்கு என்னவோ சரிதான். அதனால் ஓய்வு வயது படிப்படியாக அறுபத்துநாலுக்கு ஏறும், அந்தச் செப்டம்பரில் அறுபத்திரண்டைத் தொடுகிறவர்கள் மூன்று மாதம் கூடுதலாக உழைக்க வேண்டும் என்றார்கள். அர்மெல் பிறந்தது செப்டம்பர் ஒன்பது. பத்து நாள் முந்திப் பிறந்திருந்தால் தப்பித்திருப்பாள். இதற்காக அம்மாவிடம் சண்டை போடலாமென்றால் அவள் போய்ச் சேர்ந்து வெகு காலமாயிற்று.

எங்கள் ஜனங்களுக்கு ஒரு வியாதி உண்டு. சட்டம் பாராளுமன்றத்தில் பிறந்தாலும் தெருவில்தான் சாகும் என்று மனதார நம்புவார்கள். நம்புவதற்குக் காரணமும் உண்டு, அப்படிச் செத்த சட்டங்களை அவர்களே தூக்கிப் புதைத்திருக்கிறார்கள். அர்மெலுக்கு இந்த வியாதி முற்றிப்போயிருந்தது. கல்யாண வீட்டார் முந்திக்கொள்வார்களே என்று, செப்டம்பர் கடைசிச் சனிக்கிழமைக்கு ஊர்ப் பொதுக்கூடத்தைப் பிப்ரவரியிலேயே பிடித்துவிட்டாள். ஓய்வுபெறும் விருந்து, அறுபது பேருக்கு. முன்பணம் திரும்பக் கிடைக்காது. சட்டம் நிறைவேறிவிட்டால் என்னடி செய்வாய் என்று உடன் வேலை பார்க்கும் சுவாஸிக் கேட்டதற்கு, நிறைவேறினால்தானே என்றாள்.

மார்ச் மாதம் பெரிய வேலைநிறுத்தம் வந்தது. பள்ளிக்கூடம், தபால், மீன்சந்தை எல்லாம் மூடிக் கிடந்தன. அர்மெலால் மட்டும் நிறுத்த முடியவில்லை. அவள் வேலையை நிறுத்தினால் மந்திரிக்கு ஒரு நஷ்டமும் இல்லை, ஃபாஞ்ச் ஈரத் துணியோடு கிடப்பார். அன்று காலை மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டு அவருக்குச் சட்டை மாட்டிவிட்டாள். துறைமுகத்திலிருந்து மேளச் சத்தம் ஏறி வந்துகொண்டிருந்தது.

“என் கோட்டை எடு” என்றார் ஃபாஞ்ச்.

“எதுக்கு?”

“வாரத்துக்கு ஒரு தடவை என்னை வெளிய கூட்டிட்டுப் போகணுமா இல்லையா? அது உன் வேலைதானே?”

“வேலைதான்.”

“எனக்கு இப்பப் போகணும். கூட்டம் எங்க இருக்கோ அங்க.”

அர்மெல் ஒரு கணம் அவரையே பார்த்தாள். பிறகு சிரித்த சிரிப்பில் பக்கத்து வீட்டு ஜன்னல் திறந்தது. கோட்டு, கம்பளித் தொப்பி, கழுத்தில் சிவப்புத் துண்டு, மடியில் ஒரு வாணலி, கையில் மரக்கரண்டி. அரசாங்கம் கூலி கொடுக்கும் நேரத்தில் அரசாங்கத்தை எதிர்த்துச் சக்கர நாற்காலியைத் தள்ளிக்கொண்டு ஓடினாள் அவள். செங்குத்தான தெருவில் நாற்காலி அவளை இழுத்துக்கொண்டு பாய, ரயில் ஓட்டிய மனிதர் பிரேக் பிரேக் என்று கத்தினார்.

துறைமுகத்தில் தலை தலையாக ஜனம். சிவப்புப் புகை, கரியில் வாட்டும் சாசேஜ் வாசனை, பாட்டு. ஆலை நாட்களில் பாடிய பாட்டொன்று காதில் விழுந்ததும் அர்மெல் தொண்டையைத் திறந்தாள், தோள்வலி போன இடம் தெரியவில்லை. ஃபாஞ்ச் வாணலியை அடித்த அடியில் அது நெளிந்தே போயிற்று. மேட்டுத் தெரு வந்தபோது துறைமுகத் தொழிலாளிகள் நாலு பேர் நாற்காலியோடு அவரைத் தூக்கிக்கொண்டார்கள். அவர் மேலேயிருந்து ராஜா மாதிரி கையசைத்தார். அர்மெலுக்குச் சந்தோஷத்தில் அழுகையே வந்துவிட்டது. ஜெயித்துவிட்டோம் என்றே நினைத்தாள்.

மேட்டில் இறக்கி வைத்ததும் பக்கத்தில் நடந்து வந்த இளம் நர்ஸ் ஒருத்தி, எந்த வயதில் ஓய்வு வாங்கினீர்கள் என்று அவரைக் கேட்டாள். ஐம்பது என்றார். சுற்றியிருந்தவர்கள் விசிலடித்தார்கள். அவள் மட்டும் சிரிக்கவில்லை.

“அப்போ உங்க பென்ஷனுக்குத்தான் நாங்க அறுபத்துநாலு வரைக்கும் மாடா உழைக்கணும்.”

“ஆமாம்மா” என்றார் ஃபாஞ்ச். “நானும் எனக்கு முன்னாடி இருந்தவங்களுக்குக் கட்டினேன். அவங்க நல்லவங்க, சீக்கிரம் செத்தாங்க. எனக்குத்தான் சாகத் தெரியல. அதனாலதான் இந்தப் பொண்ணையாவது விட்டுடுங்கன்னு கத்த வந்தேன்.”

அப்புறம் அந்த நர்ஸே நாற்காலியைத் தள்ளினாள்.

ஏப்ரலில் சட்டம் நிறைவேறியது. தெரு தோற்றது. அர்மெல் ரேடியோவை அணைத்துவிட்டுச் சமையலறையில் நின்று, தெரிந்த கெட்ட வார்த்தைகளையெல்லாம் வரிசையாகச் சொல்லித் தீர்த்தாள். அப்புறம்தான் கூடம் ஞாபகத்துக்கு வந்தது. கட்டிய பணம் போனால் போகட்டும் என்று விட அவள் என்ன மந்திரியா? விருந்து உண்டு, ஓய்வுதான் இல்லை என்று எல்லோருக்கும் சொல்லியனுப்பினாள்.

அந்தச் சனிக்கிழமையைப் போல ஒரு கூத்தை எங்கள் ஊர் பார்த்ததில்லை. ஆப்பிள் கள் ஆறாக ஓடியது. வெண்ணெய் சொட்டும் கேக் தட்டுத் தட்டாக வந்தது. சுண்டுவிரல்களைக் கோத்துக்கொண்டு அறுபது பேரும் வட்டமாக ஆடினார்கள், நாற்காலியில் இருந்தபடி ஃபாஞ்சும் விரலைக் கோத்துக்கொண்டார். சுவாஸிக் விடைகொடுக்கும் உரை நிகழ்த்தி, திங்கட்கிழமை காலையில் சந்திப்போம் என்று முடித்தபோது சிரிப்பில் கூடமே அதிர்ந்தது. எல்லோருமாகச் சேர்ந்து அர்மெலுக்குப் புது சைக்கிள் வாங்கித் தந்தார்கள்.

திங்கட்கிழமை அந்தச் சைக்கிளிலேயே அவள் வேலைக்குப் போனாள். வழியெல்லாம் கடைக்காரர்கள் கைதட்டினார்கள், அவளும் மகாராணி மாதிரி தலையாட்டிக்கொண்டே போனாள். ஃபாஞ்ச் மட்டும் கேலி செய்யவில்லை. அவள் முதுகில் சோப்புப் போடும்போது ஆரம்பித்தார்.

“உங்கிட்ட ஒண்ணு சொல்லணும்மா. ஊர்வலத்துல வாய் கிழியக் கத்தினேன்ல? மனசுக்குள்ள அரசாங்கம் ஜெயிக்கணும்னு வேண்டிக்கிட்டேன்.”

அர்மெலின் கை நின்றது.

“வாழ்நாள்ல அப்படி வேண்டினது அதுதான் முதல் தடவை. நீ போயிட்டா யாரு வருவான்னு பயம். சட்டம் வந்த அன்னைக்கு நல்லாத் தூங்கினேன்.”

அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இருட்டில் எழ வேண்டிய குளிர்காலக் காலைகள், இந்தத் தோள், இந்தக் கிழவனைத் தெருத் தெருவாகத் தள்ளிய தன் மடத்தனம் எல்லாம் ஒன்றாக நெஞ்சுக்கு ஏறின. தேய்க்கும் பஞ்சைத் தூக்கி வாளியில் எறிந்தாள், தண்ணீர் அவர் முகத்தில் தெறித்தது. அவர் துடைத்துக்கொள்ளக்கூட இல்லை. எலும்பு துருத்திய அந்த முதுகு குளிரிலோ வேறு எதிலோ நடுங்கிக்கொண்டிருந்தது.

அர்மெல் வாளியிலிருந்து பஞ்சை எடுத்துப் பிழிந்தாள்.

“சரி. இந்த மூணு மாசம் உங்களுக்காகத்தான்னு ஆயிடுச்சு. அப்போ டிசம்பர் முடியிறவரைக்கும் நீங்க சாகக் கூடாது. நடுவுல போயிட்டீங்கன்னா, நான் எதுக்கு உழைச்சேன்னு யாரைப் போய்க் கேப்பேன்?”

“முயற்சி பண்றேன்” என்றார் ஃபாஞ்ச்.

“முயற்சியெல்லாம் கிடையாது. எனக்கு ஒரு சட்டம் போட்டாங்கல்ல, இது உங்களுக்கு. கையைத் தூக்குங்க.”

அவர் இரண்டு கைகளையும் தூக்கினார்.