ராத்தாவின் நிகாஹ்வும் என் பாதி வாயும்

ராத்தாவின் கலியாணத்துக்கு நாலு நாள் இருக்கும்போதுதான் எனக்குப் பல்லுக்குத்து வந்தது. எழுபதுகளின் கடைசி அது. வாப்பா மௌத்தாகி இரண்டு வருடம். ராத்தாவுக்குக் கூடப்பிறந்த ஆண் என்று இருந்தது நான் ஒருவன்தான். ஆகவே மாப்பிள்ளையின் கையைப் பிடித்து, "என்ட ராத்தாவ ஒங்களுக்கு நிகாஹ் செய்து தந்தேன்" என்று சபைக்குக் கேட்கச் சொல்ல வேண்டியவனும் நான்தான். அந்த ஒரு வரியை மருதமுனை றோட்டில் சைக்கிள் மிதித்துக்கொண்டே ஒரு கிழமையாகப் பாடமாக்கினேன். எதிரே வந்து ஸலாம் சொன்ன எத்தனையோ பேருக்கு, பதில் ஸலாமுக்குப் பதிலாக நிகாஹ்வே கிடைத்திருக்கும்.

கராம்பு வைத்தேன், உப்புத் தண்ணீர் கொப்பளித்தேன். கலியாணத்துக்கு வந்த சொந்தங்கள் ஆளுக்கொரு வைத்தியம் சொன்னார்கள். கலியாணத்தன்று விடிந்தபோது கீழ்க் கடைவாய்ப்பல் மண்டைக்குள் ஏறி நின்று அடித்தது. இரண்டு சொல்லைச் சேர்த்துச் சொல்ல முடியவில்லை. நிகாஹ் பதினொரு மணிக்கு. பிடுங்கிவிட்டால் நிம்மதியாகச் சொல்லலாம் என்று ஆசுபத்திரிக்கு ஓடினேன்.

பல் டொக்டர் யாழ்ப்பாணத்துக்காரர். "இண்டைக்கு ஏதும் அலுவல் இருக்கோ தம்பி?" என்று கேட்டார். ஒரு கலியாண வீடு இருக்கிறது என்றேன். அது எங்கள் வீடு என்றோ, அங்கே நான் வாய் திறக்க வேண்டும் என்றோ சொல்லவில்லை. சொன்னால் நாளைக்கு வா என்று அனுப்பிவிடுவார் என்ற பயம்.

"அப்ப புரியாணி பின்னேரம்தான்" என்றார். சாப்பாட்டைப் பற்றித்தானே சொல்கிறார் என்று நானும் தலையாட்டினேன்.

பல்லடியில்தான் குத்துவார் என்று நினைத்திருந்தேன். அவரோ விரலை உள்ளே விட்டு, கடைசிப் பல்லுக்கும் அப்பால் தாடை மேலே ஏறும் இடத்தைத் தடவிப் பார்த்து, அங்கே ஊசியை இறக்கினார். கீழ்ப்பல்லுக்குப் போகும் நரம்பு தாடைக்குள் நுழையும் வாசல் அதுதானாம். அங்கே மறித்தால் அந்தப் பக்கம் முழுக்க விறைக்குமாம். கொஞ்ச நேரம் கழித்து, உதடு தடித்த மாதிரி இருக்கிறதா என்று கேட்டார். கொஞ்சம்தான் என்றேன். இன்னொரு ஊசி போட்டார். அதற்குப் பிறகு, பல் கிண்ணத்தில் விழுந்த சத்தத்தைக் கேட்டுத்தான் பிடுங்கியாகிவிட்டது என்று தெரிந்துகொண்டேன்.

ஆசுபத்திரி வாசலில் சைக்கிளை எடுத்துக்கொண்டு என் வரியைச் சொல்லிப் பார்த்தேன். எச்சில்தான் வந்தது. இடப்பக்கத்து உதடும் நாடியும் பாதி நாக்கும் யாரோ இரவல் தந்தவை போலக் கிடந்தன.

வீட்டில் சபை கூடியிருந்தது. நிகாஹ் நடத்த வந்த லெப்பை என்னை மாப்பிள்ளைக்கு முன்னால் உட்கார வைத்து, ஒருதரம் சொல்லிப் பார்க்கச் சொன்னார். சொன்னேன். அவர் சால்வையால் என் நாடியைத் துடைத்துவிட்டார்.

"மனே, இது சபைக்கு விளங்கா. ஒண்ட பொறுப்ப எனக்குத் தா, நான் சொல்றன். மார்க்கத்துல அதுக்கு எடமிரிக்கு."

மாப்பிள்ளையின் மாமா மணிக்கூட்டைப் பார்த்தார். ஒரு கிழமை பாடமாக்கிய வரி கைமாறப் போவது நொந்தது. அந்த நோவுக்கு மட்டும் ஊசி வேலை செய்யவில்லை. சரி என்று தலையாட்டப் போனபோது, பெண்கள் இருந்த அறைத் திரையை விலக்கிக்கொண்டு சாச்சி தலையை நீட்டினாள்.

"புள்ள சொல்றாள், வாப்பா இரிந்தா அவர்தான் சொல்லியிருப்பாராம், இப்ப தம்பிதான் சொல்லணுமாம். அவன்ட வாய் வாறவரைக்கும் அவள் இரிப்பாளாம்."

சபை மாப்பிள்ளையைப் பார்த்தது. அவர் தலைப்பாகையைச் சரிசெய்துகொண்டு, "எனக்கும் அவசரமில்ல" என்றார். சிரிப்பு அடங்க நேரமாயிற்று.

அப்படித்தான் எங்கள் வீட்டில் நிகாஹ்வுக்கு முந்தியே சோறு வைத்தார்கள். முறையில்லை என்று முணுமுணுத்த மாமா, வட்டிலப்பம் வந்ததும் முறையை மறந்தார். உதட்டைக் கடித்துவிடுவேன் என்று டொக்டர் சொல்லியிருந்ததால் எனக்கு மட்டும் ஒன்றுமில்லை. கை கழுவி வந்தவர்களெல்லாம் என் உதட்டைச் சுண்டி, வந்துவிட்டதா என்று கேட்டுப் போனார்கள்.

பகல் லுஹர் தொழுதுவிட்டு உட்கார்ந்தபோது நாடியில் எறும்பு ஊர்ந்தது. உதடு வந்தது, நாக்கு வந்தது, அவற்றின் பின்னாலேயே பல் இருந்த குழியின் நோவும் வந்தது. மாப்பிள்ளையின் கையைப் பிடித்து, ஒரு சொல்லும் சிதறாமல் சொன்னேன். கண்ணிரண்டும் ஒழுகின. தகப்பனில்லாத பிள்ளைகள் என்று சபை கலங்கியது. மாமாகூட மூக்கைத் துடைத்தார்.

அடுத்த நாள் பகல் சோறு போடும்போது ராத்தா என் பக்கம் குனிந்தாள்.

"உண்மையச் சொல்லு. எனக்கா அழுத, பல்லுக்கா?"

"ஒனக்குத்தான்" என்றேன்.

அவள் நம்பவில்லை. மச்சானின் கறிக்கோப்பையிலிருந்து மிருதுவான துண்டாகப் பார்த்தெடுத்து, என் வலப்பக்கத்துப் பற்களுக்கு ஏற்ற மாதிரி பிய்த்து வைத்துவிட்டுப் போனாள்.